வேப்பிலை கட்டிய கதவுகள்

போன வாரம் தனபாலனை எங்கே விட்டோம்? மகளிடம் இனிப் பேசுவதில்லை என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து வாசலுக்குப் போனாரே, அங்கேதான். ஒரு வாரம் ஓடிவிட்டது. மனிதர் இன்னும் பேசவில்லை. காலமெல்லாம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை லோரி ஓட்டியவர். ரிவர்ஸ் எடுப்பது அவருக்கு லோரியில் மட்டும்தான் வரும்.

கோபத்துக்குக் காரணம் சின்னதல்ல. கோலசிலாங்கூர் டவுனில் பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கடைகளை இடித்துவிட்டு, ஆற்றோரமாகப் புதிய சந்தை கட்டப் போகிறார்கள். அங்கேதான் அவர் மனைவி அமராவதி இடியாப்பம் விற்கிறாள். சந்தைக்குத் திட்டம் வரைந்ததோ, ராவாங்கில் மகள் நித்தியா வேலை பார்க்கும் ஆலோசனை நிறுவனம்.

"இடிக்கிறவளும் என் வீட்டுலதான், இடிபடுறவளும் என் வீட்டுலதான்" என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இடிபடுகிறவளுக்கு அந்தக் கவலையே இல்லை என்பதுதான் வேடிக்கை.

அந்தச் சனிக்கிழமை காலை, இடியாப்பம் விற்று முடிந்து, அமராவதி மூங்கில் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கழுவும் தண்ணீர் மீன் சந்தைக் குழாயிலிருந்து வாளியில் சுமந்து வந்தது. பத்து மணிக்கு டவுன் மண்டபமான டேவானில் பொதுமக்கள் கூட்டம். பக்கத்துப் பூக்கடை லெட்சுமி சரம் தொடுத்தபடியே கேட்டாள்.

"அக்கா, புதுக் கடையில பைப்பு உள்ளுக்குள்ளயே இருக்குமா?"

"உள்ளுக்குள்ளதான். நித்தியா போன்ல படம் காட்டினா. சிங்க்கு கூட இருக்கு."

"டோய்லெட்டு?"

"பொம்பளைங்களுக்குத் தனியா."

லெட்சுமி பெரிதாக மூச்சு விட்டாள். வாளியைத் தூக்கிக்கொண்டும், அவசரத்துக்குக் கழிப்பறையைத் தேடிக்கொண்டும், மழையிலும் வெயிலிலும் மீன் சந்தைக்கு நடந்தே பாதி ஆயுளைக் கழித்தவர்கள் இருவரும்.

கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்த தனபாலன் வாயைத் திறந்தார். "படத்துல எல்லாம் நல்லாத்தான் இருக்கும். எஸ்டேட்டை வித்தப்பவும் படம் காட்டினாங்க. தோட்டத்தோட வீடு, வாசல்ல மாமரம். எங்க அந்த மாமரம்?"

அமராவதி அடுத்த தட்டைக் கவிழ்த்தாள். அவர் சொன்னது உண்மை. பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கத்தில் அவர்கள் எல்லாரும் பிறந்து வளர்ந்த எஸ்டேட் கைமாறியபோது, லயத்து வரிசை வீடுகளைக் காலி செய்யச் சொன்னவர்கள் காட்டிய வீடு கடைசிவரை படமாகவே இருந்துவிட்டது. அப்போது ஒருவர் பின் ஒருவராக டவுனுக்கு வந்து கடை போட்டவர்கள்தான் இந்த வரிசையின் ஆறு கடைக்காரர்களும். ஒரே லயத்துச் சனம். ஒரு வீட்டில் நல்லது கெட்டது என்றால் வரிசை மொத்தமும் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிடும்.

"முருகையா அண்ணன் கூட்டத்துக்கு வரலையா?" என்று கேட்டாள் அமராவதி. முருகையா, வரிசையின் கடைசிக் கடையில் தையல்காரர்.

"எங்க வரது? பத்தாங் காலி போயிருக்காரு. கல்யாண மண்டபத்துல பந்தல்காரனோட ஏதோ தகராறாம். மக அன்பரசி கல்யாணம் முடியறவரைக்கும் அவரைப் பிடிக்க முடியாது லா." லெட்சுமி சரத்தை நறுக்கினாள். "மாலை கட்டுற வேலை எனக்கு, காலைப் பசியாற இடியாப்பம் உங்க பொறுப்பு."

"கொண்டையும் எனக்குத்தான்" என்றாள் அமராவதி. அந்த லயத்துப் பெண்கள் யாருக்குக் கல்யாணம் என்றாலும் கொண்டை போடுவது அவள். உச்சியில் சற்றே இடப்பக்கம் சாய்ந்து நிற்கும் அந்தக் கொண்டையைப் பார்த்தாலே, அமராவதி கைவேலை என்று தெரிந்துவிடும்.

டேவான் நிறைந்திருந்தது. நடுவில் பெரிய மேசைமேல் புதிய டவுனின் மாதிரி. நீலக் கண்ணாடியில் சிலாங்கூர் ஆறு, ஓரமாக நடைபாதை, நீளமான கூரையோடு சந்தை, அட்டையில் வெட்டிய மரங்கள். நித்தியா மேசைக்குப் பக்கத்தில் நின்று, ஒலிவாங்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதமாக வேறு திட்டத்தில் இருந்தவளை, சொந்த ஊர் என்பதால் இன்று உதவிக்கு அழைத்து வந்திருந்தார்கள். அம்மாவைப் பார்த்துக் கையை லேசாக ஆட்டினாள். அம்மா சிரித்தாள். அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

அந்த வரிசையில் தன் அம்மாவுக்கும் கடை இருப்பதை நித்தியா அலுவலகத்தில் சொன்னதில்லை. சொன்னால் சலுகை கேட்பதுபோல் ஆகிவிடும் என்ற வீறாப்பு. அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள்.

நகராண்மைக் கழக அதிகாரி ரொஹானி அம்மையார், ஊருக்கு புவான் ரொஹானி, கூட்டத்தைத் தொடங்கினார். நடுத்தர வயது, அமைதியான குரல், ஆனால் எதிரில் இருப்பவர் சொல்லி முடிக்கும்வரை கண்ணை எடுக்காத பார்வை. எல்லாம் மலாயில் நடந்தது. கேள்விகள் வந்து விழுந்தன. கார் எங்கே நிறுத்துவது? பெரிய அலை ஏறும் நாளில் ஆற்றுத் தண்ணீர் சந்தைக்குள் வராதா? எஸ்டேட்டிலிருந்து வருகிறவர்களுக்கு பஸ் எங்கே நிற்கும்? ஒவ்வொன்றுக்கும் நித்தியாவின் மேலாளர் புனிதன் எழுந்து பதில் சொன்னார். கெட்டிக்காரர், நல்லவர், கொஞ்சம் அவசரக்காரர்.

கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒரு முதியவர் கேட்டார், "புக்கிட் மெலாவத்தி மலைக் குரங்குகளுக்குச் சொல்லிவிட்டீர்களா? பக்கச்சுவர் இல்லாத சந்தை என்றால் முதல் வாடிக்கையாளர் அவைதான்."

டேவானே சிரித்தது. வலை அடிக்கிறோம் என்று புனிதன் குறித்துக்கொண்டார். தனபாலன்கூடக் கொஞ்சம் சிரித்துவிட்டு, மகள் பார்க்கிறாளோ என்று உடனே நிறுத்திக்கொண்டார்.

பிறகுதான் முக்கியமான விஷயம் வந்தது. புதிய சந்தையில் யார் யாருக்கு இடம்?

"இப்போது நடந்துகொண்டிருக்கும் கடைகள் எல்லாவற்றுக்கும் புதிய இடம் உண்டு" என்றார் புனிதன். திரையில் ஒவ்வொரு வரிசையாகப் படம் வந்தது. மீன் கடைகள். பழக் கடைகள். கோழி வெட்டுகிறவர். தங்கள் கடையைத் திரையில் பார்த்தவர்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள்.

அடுத்த படம். வரிசையாக ஆறு இரும்புக் கதவுகள். ஆறும் மூடியிருந்தன.

"பஸ் நிலையத்துப் பின்வரிசை. இங்கே கடைகள் நடக்கவில்லை. அதனால் மாற்று இடம் ஒதுக்கவில்லை. இது கார் நிறுத்துமிடமாகிறது."

நித்தியா கையில் ஒலிவாங்கியோடு திரைப் பக்கம் திரும்பினாள்.

அந்தப் படத்தை அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு கதவின் கைப்பிடியிலும் பச்சையாக ஏதோ கட்டித் தொங்கியது. தெரியாதவர்களுக்கு அது குப்பை. அவளுக்கு அது வேப்பிலை. ஆடித் திருவிழா அன்று காலை, கடையைத் திறக்காமலே அம்மாவும் மற்றவர்களும் கட்டிவிட்டுப் போன வேப்பிலை.

எஸ்டேட் போனாலும் அங்கே மாரியம்மன் இருக்கிறாள். வருடாவருடம் ஆடியில் ஒருநாள் அந்த லயத்துக் குடும்பங்களின் உபயம். அன்று ஆறு கடையும் திறக்காது. போன ஆடியில் அதற்காக நித்தியா ஊருக்கு வந்திருந்தாள். "எல்லா வரிசையையும் படம் எடுத்தாச்சு, இது ஒண்ணுதான் பாக்கி. ஊருக்குத்தானே போற, எடுத்துட்டு வந்துடு" என்று புனிதன் சொல்லியிருந்தார். புடவையோடும் தலை நிறையப் பூவோடும் டவுனுக்கு ஓடி, படம் எடுத்து, கீழே 'மூடியிருக்கிறது' என்று தட்டிவிட்டு, கூழ் ஊற்றும் நேரத்துக்குக் கோயிலில் போய் நின்றாள். ஏன் மூடியிருக்கிறது என்று எழுதத் தோன்றவே இல்லை. உபயத்து அன்று கடை மூடியிருப்பது அவளுக்குச் சூரியன் உதிப்பது மாதிரி. அதைப் போய் யாராவது எழுதுவார்களா?

ராவாங்கில் அதைப் படித்தவர்களுக்கு அந்த எஸ்டேட் மாரியம்மனும் தெரியாது, அன்றைய உபயமும் தெரியாது. மூடியிருக்கிறது என்றால் மூடிவிட்டார்கள்.

தனபாலன் விருட்டென்று எழுந்தார். அமராவதி அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"நம்ம கடை நடக்கலையாம், கேட்டியா?"

"கேட்டேன். உக்காருங்க."

"அக்கா, அது நம்ம திருவிழா அன்னைக்கு..." என்று ஆரம்பித்தாள் லெட்சுமி.

"பேசாதே லெட்சுமி. நான் சொல்றேன்ல."

அமராவதியின் கண் திரையை விட்டு அகலவில்லை. படத்தின் கீழ்ப்பகுதியில் எதையோ பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து, மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த வரிசை பற்றி யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டார் புவான் ரொஹானி.

 பஸ் நிலையத்துப் பின்வரிசைக்காரர்கள் எல்லாரும் அமராவதியைப் பார்த்தார்கள். அமராவதி நிமிரவில்லை. புனிதனின் விரல் அடுத்த படத்துக்கான பொத்தானைத் தேடியது.

நித்தியாவுக்குப் பயமாக இருந்தது. வேலையில் சேர்ந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. இப்போது வாயைத் திறந்தால் மேலாளரை ஊர் நடுவே தலைகுனிய வைத்ததாகும். திறக்காவிட்டால், அம்மா வாளி சுமப்பது நிற்காது, சுமந்துபோய் வைக்கக் கடைதான் இருக்காது.

ஒலிவாங்கி அவள் கையில்தான் இருந்தது.

"புவான், அந்தப் படத்தை எடுத்தது நான்தான்" என்றாள் மலாயில். "அது தப்பான நாளில் எடுத்த படம்."

"நித்தியா, உக்காரு. அப்புறமா பேசிக்கலாம்" என்று புனிதன் தமிழில் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அப்புறமா பேசினா கார் பார்க் ஆயிடும் சார்."

சொல்லிவிட்டாள். கோயிலையும், உபயத்தையும், கைப்பிடியில் தொங்கும் வேப்பிலையையும், தான் ஓடிய அவசரத்தையும்.  நடுவில் எங்கும் நிற்கவில்லை.

புவான் ரொஹானி கடைசிவரை கேட்டார். "அந்த வரிசையில் உங்களுக்கு யாராவது உறவா?"

"முதல் கதவு என் அம்மாவுடையது. அதனால் நான் சொல்வதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். இங்கே இருப்பவர்களைக் கேளுங்கள்."

முதலில் எழுந்தவர் பாசிர் பெனம்பாங்கிலிருந்து மீன் கொண்டு வரும் தியோங். "அந்த அம்மா இடியாப்பம் விற்காத நாளில் என் மனைவி என்னோடு சண்டை போடுகிறாள். நானே தின்றுவிட்டு வந்தேனாம். கடை நடக்கவில்லை என்று யார் சொன்னது?"

அடுத்து ஒரு மலாய் ஆசிரியை எழுந்தார். தன் பள்ளிப் பிள்ளைகளின் சீருடைக்கு எல்லாம் மடிப்பு அடித்துத் தருவது கடைசிக் கடைத் தையல்காரர்தான் என்றார். பின்னாலிருந்து யாரோ, பூக்கடைக்காரி பாக்கிச் சில்லறைக்குப் பதிலாக ஒரு முழம் மல்லிகை கொடுத்து ஏமாற்றுகிறாள், அது நடக்கிற கடை இல்லையா என்று கேட்டார். லெட்சுமி முறைத்தாள், ஆனால் சந்தோஷமாக முறைத்தாள்.

புவான் ரொஹானி கையை உயர்த்தினார். "சரி. இந்த வரிசையை மறுபடி பார்ப்போம். படம் வேண்டாம், நானே வருகிறேன். கதவு திறந்து, வியாபாரம் நடக்கும் கடைக்குப் புதிய சந்தையில் இடம் உண்டு. எப்போது வரலாம்?"

"அடுத்த சனிக்கிழமை காலை வாருங்கள், புவான்" என்றாள் நித்தியா, ஒரு நொடிகூட யோசிக்காமல். "அதுதான் எங்கள் வரிசைக்கு நல்ல வியாபார நாள்."

டேவான் கை தட்டியது. பின்வரிசைக்காரர்கள் எல்லாரும் தட்டினார்கள். லெட்சுமி எழுந்து நின்றே தட்டினாள்.

கூட்டம் கலைந்ததும் புனிதன் மாதிரியை மூடிப் பெட்டியில் வைத்தார். முகத்தில் கோபமா வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "திங்கக்கிழமை காலையில முதல் வேலையா என்னை வந்து பாரு" என்றார். 

மத்தியானம் கடையில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். தனபாலன் வாங்கி வந்த தே தாரேக் டீயை மகள் பக்கம் நகர்த்தினார். பேசவில்லை. நகர்த்தியதே பெரிய விஷயம்.

"ஏன்டி வாயைத் திறந்தே?" என்றாள் அமராவதி. "நான் பார்த்துட்டுத்தானே பேசாம இருந்தேன்."

"எதைப் பார்த்தீங்கம்மா?"

"படத்துல, கதவுக்குக் கீழ, தரையில ஒரு நிழல் விழுந்துச்சு. தலையில கொண்டை. இடப்பக்கம் சாஞ்ச கொண்டை. அன்னைக்குக் காலையில அதைப் போட்டது யாரு?"

நித்தியாவின் கை தானாகத் தன் தலைக்குப் போனது. அழுகை வந்துவிட்டது.

"கடை போனா இன்னொரு எடத்துல அடுப்பை வச்சுக்குவேன்" என்றாள் அமராவதி. "உன் வேலை அப்படியா? படிச்சு முடிச்சுட்டு எத்தனை எடத்துக்கு அலைஞ்சே?"

"உங்களுக்குப் பைப்பு வேணாமாம்மா?"

அமராவதி வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். "வேணும். ரொம்ப ஆசையா இருக்கு. ராத்திரி படுத்தா அந்த சிங்க்குதான் கண்ணுக்குள்ள நிக்குது."

தனபாலன் தொண்டையைச் செருமினார். ஏதோ சொல்லப் போகிறார் என்று இருவரும் திரும்பினார்கள். அதற்குள் பூக்கடையிலிருந்து லெட்சுமி எழுந்து வந்தாள். டேவானில் மலர்ந்திருந்த முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, அந்தம்மா எந்தச் சனிக்கிழமை வராங்க?"

"வர்ற சனிக்கிழமை."

"அன்னைக்குத்தான் அக்கா அன்பரசிக்கு முகூர்த்தம். இப்பதான் மாலைக்குப் பூ எடுத்து வைக்கச் சொல்லிப் பூக்காரனுக்குப் போன் பண்ணேன்."

 வரிசை மொத்தமும் பத்தாங் காலி கிளம்ப வேண்டிய காலை. ஆறு கதவும் மறுபடி மூடியிருக்க வேண்டிய காலை. அத்தனை பேரும் கை தட்டினார்களே, ஒருவருக்காவது நினைவு வந்ததா?

"அலாமா" என்று தலையில் கை வைத்தாள் நித்தியா. "நான்தானே தேதி சொன்னேன். புவானுக்குப் போன் பண்ணி மாத்திடுறேன்."

"மாத்தாதே." அமராவதியின் குரல் உறுதியாக இருந்தது. "போன தடவை திருவிழா, இந்தத் தடவை கல்யாணமா? கேக்கிறவங்க சிரிப்பாங்க. நல்லது கெட்டதுக்கெல்லாம் மூடுற வரிசைன்னு அவங்களே முடிவு பண்ணிடுவாங்க."

சொல்லிக்கொண்டே வந்தவளுக்குத் திடீரென்று சிரிப்பு வந்தது. ஆரம்பத்தில் அடக்கினாள், முடியவில்லை. லெட்சுமியும் சேர்ந்துகொண்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்த பிறகு, அமராவதி இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து மகளின் கையில் வைத்தாள்.

"நான் அன்பரசிக்குக் கொண்டை போடப் போயே ஆகணும். தாயில்லாத பொண்ணு. இந்தத் தடவை நீ படம் எடுக்க வராதே. கடையைத் திற."

"எனக்கு இடியாப்பம் பிழியத் தெரியாதும்மா."

"மாவு நான் பிசைஞ்சு தரேன்" என்றார் தனபாலன்.

ஒரு வாரத்துக்குப் பிறகு மகளிடம் பேசிய முதல் பேச்சு. அவர் மகளை நேராகப் பார்த்தார். "நீ பிழி, நித்தியா. எஸ்டேட்டுல நமக்காக எழுந்து நிக்க அன்னைக்கு ஒரு ஆளு இல்ல. இன்னைக்கு என் மக நின்னா. எனக்கு அது போதும்மா."

"கட்டி கட்டியா வந்தா என்னப்பா பண்றது?"

"தியோங்கைத் திங்கச் சொல்லுவோம்."

லெட்சுமி தன் சாவியை மேசைமேல் வைத்தாள். அவள் தங்கை கடையில் உட்காருவாளாம். செய்தி போய், மற்ற மூன்று கடைக்காரர்களும் வந்தார்கள். வீட்டுக்கு ஒருவர் கல்யாணத்துக்குப் போவதில்லை என்று முடிவானது. யார் கடையில் நிற்பது என்று அந்தந்த வீட்டுக் கணவனும் மனைவியும் அங்கேயே சண்டை பிடித்தார்கள். மேசைமேல் சாவிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

நித்தியா கதவுகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசிக் கதவில் அவள் கண் நின்றது.

முருகையாவின் கதவுக்கு மட்டும் மேசையில் சாவி இல்லை. அது பத்தாங் காலியில், கல்யாணப் பெண்ணின் அப்பா சட்டைப்பையில் இருந்தது.